காற்றுக்கு ஒரு கட்டம்

மண்டபத்தில், ரயில் பாதைக்குத் தெற்கே,
ஓடு வேய்ந்த ஒற்றை அறை எங்கள் ஆய்வுக்கூடம்.
ஒரு மின்விசிறி, மூன்று கண்ணாடிக் கலன்கள்,
விரல்நக அகலத்தில் ஓர் இரும்பு வட்டம்.

முகம் தெரியும்வரை அதைத் தேய்ப்பேன்,
அலுமினாத் தூளில், எட்டுப் போட்டு, இருநூறு சுற்று.
பிறகு தொடமாட்டேன்.
விரலின் எண்ணெய் போதும்,
வரைபடத்தின் கோடு பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

ஆண்கடலில் மொண்ட நீரில் அமிலம் கலந்து
வட்டத்தை இறக்கியதும்
முதலில் வந்து நிற்பது தண்ணீர்தான்.
இரும்பு நேர்மின் பக்கம் சாய்ந்தால்
ஆக்சிஜன் முகத்தைக் காட்டும்.
எதிர்மின் பக்கம் சாய்ந்தால்
இரண்டு ஹைட்ரஜன் காதுகளையும் திருப்பும்.
ராமேஸ்வரம் பாசஞ்சரில் துண்டு போட்ட மாதிரி
இடம் பிடித்து வைத்திருக்கும்.
வேறு யார் உட்கார வந்தாலும்
அதை எழுப்பித்தான் உட்கார வேண்டும்.

சோடியம் எழுப்பாது.
நீர்ப்போர்வையை இழுத்து மூடிக்கொண்டு
ஒரு மூலக்கூறு தள்ளி நின்று
எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.
குளோரைடு அப்படியில்லை.
போர்வையை ஒரு பக்கம் உதறிவிட்டு
உலோகத்தின் தோலோடு தோலாக ஒட்டும்.
அது உட்கார்ந்ததால் இரும்புக்கு நல்லது நடந்ததாக
எங்கள் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை.

ஆடியில் என் கோடு பள்ளம் விழுந்தது.
மின்தேக்கம் பாதிக்கும் கீழே.
இரும்பு கரைய மறுத்தது.
யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

“கலனைக் கழுவு” என்றார் முனைவர் வயிரவன், தொலைபேசியில்.
கழுவினேன்.
நைட்ரஜனைக் குமிழ்விட்டேன்.
பள்ளம் ஒருநாள் இருந்தது, மறுநாள் இல்லை.
மின்வெட்டில் தேடினேன், அமிலப் புட்டியில் தேடினேன்,
என் தலையில் வைத்த எண்ணெயில்கூடத் தேடினேன்.

பன்னிரண்டாம் நாள் பிற்பகல்
சோளகம் எழும்பி ஜன்னல் கதவை அடித்தது.
மதிலுக்கு அந்தப் பக்கம் களத்தில்
ஜெனோவா அக்கா நெத்திலியும் திருக்கைத் துண்டும்
புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.
அறை முழுக்கக் கருவாடு.
என் கண்முன்னே கோடு இறங்கியது.

அமீன்.
ஒரு நைட்ரஜன், அதற்கு மூன்று கைகள்.
காற்றேறி வந்து அமிலத்தில் விழுந்து
தலையில் ஒரு புரோட்டானைச் சுமந்து
நேர்மின் ஆகிவிட்டது.
நேர்மின் இரும்பு அதைத் துரத்தத்தானே வேண்டும்?
துரத்தியிருக்கும்,
அங்கே ஏற்கெனவே குளோரைடு உட்கார்ந்திராவிட்டால்.
கெட்ட பெயரெடுத்த அந்தத் தோளைப் பற்றிக்கொண்டு
வந்தது நின்றுவிட்டது.

உள்ளே போகவில்லை. உறிஞ்சுவது வேறு, இது வேறு.
ஓர் அணுவின் ஆழம்கூட இறங்காத குடியிருப்பு.
அமிலம் சுற்றிச் சுற்றி வந்து
நிற்க இடமில்லாமல் திரும்பியது.

களத்தை அகற்றச் சொல்லி மனு எழுதும்படி உத்தரவு.
பாதி எழுதினேன்.
சாயங்காலம் மதிலோரம் நின்று அவளிடமே சொல்லிவிட்டேன்.
கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி கேட்டாள்:
“அப்ப ஒங்க இரும்புக்கு எங்க நாத்தம் புடிச்சிருக்குங்கிறீக?
பஸ்ஸுல எம் பக்கத்துல
ஒருத்தரும் ஒக்கார மாட்டேங்குறாக.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

அன்றிரவு ஜன்னலைச் சாத்தி
புது வட்டம் தேய்த்து
சுத்தமான கோடு ஒன்று எடுத்தேன்.
அழகான கோடு. அதைத்தான் கேட்டார்கள்.
விடியும்போது இரும்பு
சாம்பல் பூத்து, சொரசொரத்து,
என் முகத்தைக் காட்டவில்லை.

மனு இழுப்பறையில் கிடக்கிறது.
பதிவேட்டில் நேரம், வெப்பநிலை, மின்னழுத்தம்,
அவற்றை ஒட்டி அடிக்கோல் வைத்து
இன்னொரு கட்டம் கிழித்திருக்கிறேன்: காற்று.

இன்று கச்சான், லேசாக.
களத்தில் சூடை காய்கிறது.